இசியு போச்சு என்கிறார்கள், ஹாஃப்கட் பெட்டி வாங்கி மாட்டலாமா?

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாமாவிடம் ஐந்து டன் லோரி ஒன்று இருக்கிறது. ஜப்பான் தயாரிப்பு, காமன் ரயில் டீசல் எஞ்சின் (உயர் அழுத்த டீசலை ‘ரயில்’ என்ற ஒரே குழாயில் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் வகை), 24 வோல்ட். பட்டர்வொர்த்தில் சாமான் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகும்போது, சங்காட் ஜெரிங் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் எஞ்சின் லைட் எரிகிறது, இழுவை போய்விடுகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. போன வாரம் மழை பெய்த காலையில் ஸ்டார்ட்டே ஆகவில்லை, வெயில் ஏறியதும் தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டதில் பி0192, பி0237, பி0642 என்று மூன்று கோடு (கோளாறைக் குறிக்கும் எண்). “இசியு போச்சு, ஹாஃப்கட் கடையில் இதே எஞ்சினுக்குப் பெட்டி இருக்கிறது, மாட்டினால் ஓடும்” என்று சொல்லிவிட்டார்கள். (இசியு என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. ஹாஃப்கட் என்பது ஜப்பானில் ஓடிய பழைய வண்டியை வெட்டி இறக்குமதி செய்து விற்கும் சாமான்.) வாங்கலாமா, நாங்களே மாட்டிக்கொள்ளலாமா என்பது கேள்வி.

மாட்டலாம். பிளக் பொருந்தும், எஞ்சின் ஸ்டார்ட்டும் ஆகலாம். ஆனால் இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். நான் பட்டர்வொர்த் பக்கம் லோரி வயரிங் வேலையிலேயே இருப்பவன். “இசியு போச்சு” என்று கழற்றிக்கொண்டு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை நல்ல பெட்டிகள்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தாலும் பெட்டி செத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கோ ஒரு பிளக்கில் தண்ணீர், அல்லது எங்கோ உராய்ந்து தோல் போன ஒரு வயர், அதுதான் தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த மூன்று கோடுகளையும் சேர்த்துப் படியுங்கள். பி0192 ரயில் பிரஷர் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு என்கிறது. பி0237 டர்போ பூஸ்ட் சென்சாரின் சிக்னல் குறைவு என்கிறது. பி0642 என்பது சென்சார்களுக்கு இசியு கொடுக்கும் 5 வோல்ட் சப்ளையே குறைந்துவிட்டது என்று சொல்லும் கோடு. எஞ்சினில் இருக்கும் பிரஷர் சென்சார்கள் தனித்தனியாக மின்சாரம் எடுப்பதில்லை. பேட்டரியின் 24 வோல்ட்டை இசியு உள்ளே வாங்கி, சுத்தமான 5 வோல்ட்டாக மாற்றி, ஒரே கம்பியில் பல சென்சார்களுக்குப் பங்கிட்டு அனுப்புகிறது. அந்தக் கம்பி வழியில் எங்காவது பாடியில் பட்டால், அல்லது ஒரே ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால், அந்த வரிசையில் இருக்கும் எல்லாச் சென்சார்களும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். ஸ்கேனரில் நாலைந்து கோடு வரிசையாக வரும். அதைப் பார்க்கும் ஃபோர்மேன், “இத்தனை சென்சார் ஒரே நாளில் போகாது, அப்போது பெட்டிதான்” என்று முடிவு கட்டுகிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்கு இன்னும் சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை எடுக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பூஸ்ட் சென்சாரின் பிளக்கைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளந்து பாருங்கள். மூன்று வயரில் ஒன்று எர்த், ஒன்று சிக்னல், ஒன்று 5 வோல்ட். ஏறக்குறைய 4.9க்கும் 5.1க்கும் நடுவில் இருந்தால் நல்லது. இரண்டு வோல்ட், ஒரு வோல்ட், பூஜ்யம் என்று காட்டினால், மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அதே வரிசையில் இருக்கும் சென்சார்களின் பிளக்கை ஒன்றொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி மேலே வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையா? சாவியை அணைத்து, இசியுவில் இருந்து எஞ்சின் பக்கம் போகும் பெரிய பிளக்கைக் கழற்றி, அதில் அந்த 5 வோல்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவில் ஓம் பாருங்கள். தொடர்பு இருந்தால் வயரிங். வயரில் ஒன்றும் இல்லை, பெட்டியின் கால் (பிளக்கின் ஊசிமுனை) மட்டும் 5 வோல்ட் தர மறுக்கிறது என்றால், அப்போதுதான் பெட்டியைப் பற்றிப் பேசலாம். ஒரு எச்சரிக்கை: பல எஞ்சின்களில் இரண்டு மூன்று தனித்தனி 5 வோல்ட் லைன் உண்டு. வயரிங் படம் இல்லாமல் ஊகித்துத் தேடினால் நாள் முழுக்கத் தவறான வரிசையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மழை நாளில் ஸ்டார்ட் ஆகாமல் வெயிலில் காய்ந்ததும் ஸ்டார்ட் ஆவது, ஏற்றத்தில் மட்டும் கோடு விழுவது, இரண்டும் இந்தக் கதைக்குத்தான் பொருந்துகின்றன. ஏற்றத்தில் முழு லோடில் எஞ்சின் தன் மவுண்டிங் ரப்பரில் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது எஞ்சினில் கட்டியிருக்கும் வயர் கட்டு இழுபடும், பிராக்கெட்டில் உரசும். சமதரையில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறதே என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோளாறைக் கண்டதும் இசியு எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைக்கும். பல லோரிகளில் அந்தக் கட்டுப்பாடு சாவியை அணைத்துப் போடும்வரை நீங்காது. பெட்டி சொன்ன வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, இசியுவுக்கே சோறு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பவர் வயரில் மீட்டரை வைத்தால் 25 வோல்ட் காட்டும், “சப்ளை ஓகே” என்று விட்டுவிடுவார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு 25 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. இசியு வேலை செய்யத் தொடங்கினால்தான் வோல்ட் விழும். அதனால் லோடு போட்டுப் பாருங்கள். 24 வோல்ட், 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றை இசியு பிளக்கின் பவர் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவில் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இசியுவின் எர்த் காலுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எர்த் கெட்டிருக்கிறது. சேசிஸில் இருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை, கேபினுக்குப் போகும் எர்த் போல்ட், இரண்டையும் கழற்றி, களிம்பைச் சுரண்டி, துருவைத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். துறைமுகத்துக்கும் கடலோரத்துக்கும் அடிக்கடி போய்வரும் லோரிகளில் இந்த போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது இசியு காலில் வோல்ட் 19க்குக் கீழே போனால் பேட்டரி, கேபிள் பக்கம் பாருங்கள். இசியுவுக்குப் பவர் தரும் மெயின் ரிலேயையும் மறக்க வேண்டாம். இருபது முப்பது வெள்ளி (ரிங்கிட்) ரிலேவுக்காக ஆயிரக்கணக்கில் பெட்டி மாற்றிய கதை எல்லா வயர்மேனிடமும் ஒன்று இருக்கும்.

பெட்டியையே நேராகக் குறிக்கும் கோடுகளும் உண்டு. பி0601 என்றால் உள்ளே இருக்கும் மெமரியின் கணக்கு ஒத்துவரவில்லை, பி0606 என்றால் பிராசஸர் கோளாறு. ஜே1939 என்ற கனரக வாகனத் தொடர்பு முறையில் பேசும் லோரிகளில் எஸ்பிஎன் 629, எஃப்எம்ஐ 12 என்று வரும். இவை வந்தாலும் முதலில் மேலே சொன்ன பவர், எர்த் சோதனையை முடித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். சப்ளை ஆடினால் பிராசஸரும் தடுமாறும்.

ஸ்கேனர் எஞ்சினோடு பேசவே மாட்டேன் என்கிறதா? அதுவும் பெட்டி செத்ததற்குச் சாட்சி ஆகாது. ஸ்கேனர் சாக்கெட்டுக்குப் பவரும் எர்த்தும் வருகின்றனவா பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு வயருக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 16 கால் சாக்கெட்டில் பொதுவாக 6, 14 ஆகிய கால்கள். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில பெட்டிகளுக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும் என்பதால் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு இதை அளக்கக் கூடாது. பழைய ஜப்பான் லோரிகள் சிலவற்றில் கேன் இல்லாமல் கே-லைன் என்ற ஒற்றை வயர் மட்டும் இருக்கும், அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, பெட்டிதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அடுத்த பெட்டியை மாட்டும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: பழையதைக் கொன்றது எது? இசியு சும்மா சாகும் சாமான் கிடையாது. கொன்றவன் லோரியிலேயே உட்கார்ந்திருந்தால் புதுப் பெட்டியையும் அதே வாரத்தில் கொல்வான்.

மாமாவிடம் கேளுங்கள், சமீபத்தில் லோரியில் வெல்டிங் நடந்ததா? நம் ஊரில் இதுதான் பெரிய கொலைகாரன் என்று சொல்வேன். பின்கதவு கீல் விட்டுப்போகும், சைடு போர்டு உடையும், பாடி கட்டுபவரிடம் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர் எர்த் கிளிப்பை சேசிஸில் எங்கோ ஒரு மூலையில் மாட்டிவிட்டு இன்னொரு மூலையில் ஒட்டுவார். வெல்டிங் கரண்ட் நடுவில் எந்த வழி சுலபமோ அந்த வழியாகப் போகும், அதில் இசியுவின் எர்த் வயரும் ஒன்று. வெல்டிங்குக்கு முன்னால் இரண்டு பேட்டரியின் இணைப்பையும் கழற்றி, இசியு பிளக்கையும் கழற்றி, எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்ட்டர்னேட்டர் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கம். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் அது நடந்தது. பேட்டரி என்ற தாங்கி இல்லாமல் போனால் ஆல்ட்டர்னேட்டர் ஒரு நொடியில் நூறு வோல்ட்டையும் தாண்டித் துள்ளும். இன்றைய லோரியில் அதைச் செய்கிறவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். ஆல்ட்டர்னேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி எப்போதும் 30 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலும் இசியு மெதுவாகச் சாகும். ஓடும் எஞ்சினில் 27.5க்கும் 28.5க்கும் நடுவில் இருப்பதுதான் இயல்பு. ஜம்ப்பர் கேபிளை மாற்றிக் கொடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது தண்ணீரும் எண்ணெயும். பெட்டி கேபினுக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் உள்ளே கசிந்தால், எண்ணெய் வயரின் தோலுக்கும் செம்புக்கும் நடுவில் ஊறி ஊறி, இரண்டு மூன்று மீட்டர் தாண்டி இசியுவுக்குள்ளேயே வந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். பெட்டியின் பிளக்கைக் கழற்றும்போது கால்களில் எண்ணெய்ப் பிசுக்கோ பச்சைக் களிம்போ தெரிந்தால், மறுமுனையில் இருக்கும் சென்சாரை மாற்றாமல் பெட்டியை மாற்றுவது வீண். எஞ்சினைப் பிரஷர் பம்ப்பில் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நான்காவது இன்ஜெக்டர். இன்ஜெக்டரை வேகமாகத் திறக்க இசியு உள்ளேயே வோல்ட்டை நூறுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கிறது. இன்ஜெக்டரின் காயில் ஷார்ட் ஆனால், அல்லது வால்வ் கவருக்குள் போகும் வயர் சிலிண்டர் ஹெட்டில் உரசினால், பெட்டிக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் பகுதி எரியும். பி0201 முதல் பி0206 வரை வரும் கோடுகள் இந்தப் பக்கத்தவை. எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அளந்து பாருங்கள். சொலினாய்டு வகையில் ஒரு ஓமுக்கும் குறைவாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். எந்தக் காலுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது இந்த வயர்களில் ஊசி குத்தவோ கை வைக்கவோ வேண்டாம். 24 வோல்ட் லோரிதானே என்று நினைத்தால் நல்ல அடி கிடைக்கும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி, ஹாஃப்கட் பெட்டி. அதே எஞ்சின், அதே பிளக், அதே உருவம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது அதே கணக்கு இல்லை. ஒரே எஞ்சின் மாடல் பல குதிரைசக்தியில் வரும், ஒன்றில் இஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்று மேனுவல் கியர், ஒன்று ஆட்டோ, ஒன்றில் பிடிஓ (எஞ்சின் சக்தியை எடுத்து பம்ப் போன்றவற்றை ஓட்டும் இணைப்பு). இதெல்லாம் பெட்டியின் மெமரியில் எழுதப்பட்டிருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கிறது. கடைசி எழுத்துவரை ஒத்துப்போகாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒத்துப்போனாலும் பாதிதான் முடிந்தது.

மீதிப் பாதி இன்ஜெக்டர் கோடு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜெக்டர்கூட டீசலைச் சரியாக ஒரே அளவில் தெளிக்காது. அதனால் ஒவ்வொன்றையும் தயாரிப்பிலேயே சோதித்து, அதன் குணத்தை எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான கோடாக அதன் தலையில் அச்சடித்துவிடுகிறார்கள். அந்தக் கோடு இசியுவில் ஏற்றப்பட்டால்தான் எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று பெட்டிக்குத் தெரியும். ஹாஃப்கட் பெட்டிக்குள் இருப்பது ஜப்பானில் எங்கோ ஓடிய இன்னொரு எஞ்சினின் கோடு. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது மாதிரிதான் உங்கள் எஞ்சின் ஓடும். ஐடிலில் குலுக்கல், டக்டக் என்ற சத்தம், கரும்புகை, கொஞ்சம் கூடுதல் டீசல். பலர் அதையே ‘எஞ்சின் பழசாகிவிட்டது’ என்று நினைத்து வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹை பிரஷர் பம்ப்பின் கன்ட்ரோல் வால்வுக்கும் இதேபோல் ஒரு கற்றல் கணக்கு உண்டு. பெட்டி மாறினால் ஸ்கேனர் வழியாக அதை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஜப்பான் உள்நாட்டு லோரிக்கும் நம் ஊருக்கு வந்த லோரிக்கும் இன்னொரு வித்தியாசம். அங்கே புகைச் சட்டம் கடுமையானதால், 2000களின் நடுவிலிருந்து அவர்களுடைய டீசல் லோரிகளில் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி சாதாரணமாகிவிட்டது. இங்கே விற்ற அதே வயது லோரிகள் பலவற்றில் அது கிடையாது. அந்த ஊர்ப் பெட்டியை இங்கே மாட்டினால் இல்லாத வடிகட்டியைத் தேடும், அதன் சென்சார்களைத் தேடும், கிடைக்காமல் இழுவையைக் குறைத்துவிடும். உங்களுக்கு இப்போது இருக்கும் தொல்லையே காசு கொடுத்து மறுபடி வந்துசேரும்.

வேகக் கட்டுப்பாடும் இதில் வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் ஜே.பி.ஜே. (மலேசிய சாலைப் போக்குவரத்துத் துறை) கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கி வருகிறது. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இசியு உள்ள பல லோரிகளில் இது தனிக் கருவியாக இல்லை, பெட்டிக்குள் எழுதும் ஒரு எண்தான். பெட்டி மாறினால் அந்த எண்ணும் மாறும். ஜப்பானில் 2003 முதல் இதே 90 வரம்பு உண்டு, ஆனால் மொத்த எடை 8 டன்னோ, ஏற்றும் சுமை 5 டன்னோ, அதற்கு மேலோ உள்ள லோரிகளுக்குத்தான். சின்ன லோரியின் ஹாஃப்கட் பெட்டியில் வரம்பே எழுதப்படாமல் இருக்கலாம். பெட்டி மாற்றுகிறவரிடம் இதைச் சரிபார்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வரம்பு இல்லாமல் பிடிபட்டால் லோரி மாமா பெயரில்தான் இருக்கிறது.

அப்படியானால் என்ன வழி? மூன்று உண்டு.

புதுப் பெட்டி: லோரி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் அதற்குரிய பெட்டியை வரவழைத்து, சாஃப்ட்வேர் ஏற்றி, இன்ஜெக்டர் கோடு எழுதி, உத்தரவாதத்தோடு தருவார்கள். விலை கசக்கும், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டிபிஎஃப், யூரியா டாங்க் எல்லாம் உள்ள புதிய லோரிகளுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

குளோன் செய்வது: உங்கள் பழைய பெட்டியின் மெமரியை முழுவதுமாகப் படித்து, அதே பார்ட் நம்பர் உள்ள செகண்ட் ஹேண்ட் பெட்டியில் அப்படியே எழுதுவது. இன்ஜெக்டர் கோடு, சேசிஸ் நம்பர், வேக வரம்பு, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருந்தால் அதன் சாவிக் கணக்கு, எல்லாம் கூடவே வந்துவிடும். லோரியில் பேசாத பெட்டியைக்கூட மேசையில் வைத்து நேராக சிப்பில் இருந்து படிக்க முடிவதுண்டு. மெமரி சிப்பே எரிந்திருந்தால் முடியாது. உங்கள் மாமாவின் லோரி வயதுக்கு, பெட்டி உண்மையிலேயே செத்திருந்தால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஹாஃப்கட் கடைக்காரர் “குளோன் எதற்கு, அப்படியே மாட்டு” என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அவர் விற்பது பெட்டி, அவருக்கு அதற்குமேல் கவலை இல்லை.

பழுது பார்ப்பது: எரிந்த டிரைவர், ஊதிப்போன கப்பாசிட்டர், அதிர்வில் விட்டுப்போன ஈயப் பற்று, இவற்றை நல்ல கைகள் சரிசெய்துவிடும், கணக்கும் பெட்டியிலேயே இருக்கும். ஆனால் பெட்டியைப் பிளந்து, மூடும்போது சரியாக ஸீல் செய்யாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே. எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டியிருக்கும் பெட்டிகளை இப்படித் திறந்து மூடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேபினுக்குள் இருப்பது என்றால் சரி.

எந்த வழியானாலும், பழைய பெட்டி கொஞ்சமாவது பேசும் நிலையில் இருக்கும்போதே ஸ்கேனரில் உள்ள எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள்: பார்ட் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர், இன்ஜெக்டர் கோடு, வேக வரம்பு, பிடிஓ அமைப்பு. அது பேசவே இல்லையென்றால் இன்ஜெக்டர் தலைகளைத் துடைத்து, போன் கேமராவில் ஒவ்வொன்றையும் சிலிண்டர் வரிசைப்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது இருப்பதிலேயே சுலபமான பகுதி. சாவியை அணைத்து ஓரிரு நிமிடம் பொறுங்கள், சாவி அணைந்த பிறகும் பெட்டி கொஞ்ச நேரம் விழித்திருந்து கணக்கு எழுதும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிளக்கின் லீவரை விடுவித்து நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் கால் வளையும். கால்களை விரலால் தொட வேண்டாம். பெட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களைத் தூக்கி எறியாமல் திருப்பி மாட்டுங்கள், அவைதான் அதிர்வைத் தாங்குகின்றன. புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானைப் பிளக்கில் பூசாதீர்கள், அது செம்பை அரிக்கும்.

சாஃப்ட்வேர் ஏற்றும் நேரத்தில்தான் கை நடுங்க வேண்டும். பாதியில் வோல்ட் விழுந்தால் நல்ல பெட்டியும் கல்லாகிவிடும். நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரிகள், கூடவே சீரான 24 வோல்ட் சப்ளை, லைட், ஃபேன், ரேடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ய உதவும் பூஸ்டர் சார்ஜரை அப்போது மாட்டக் கூடாது.

முடிந்ததும் கோடுகளை அழித்து, சாவியை இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டு, எஞ்சினைச் சூடாக்கி, ஸ்கேனரில் ரயில் பிரஷரைப் பாருங்கள். இசியு கேட்கும் பிரஷரும் உண்மையில் வரும் பிரஷரும் ஒட்டியே போக வேண்டும். வெறும் லோரியை ஜூருவில் இருக்கும் ஆட்டோ சிட்டி கடைத்தொகுதியைச் சுற்றி ஓட்டிவிட்டு “ஓகே” என்று சொல்லும் டெஸ்ட் டிரைவை ஏற்றுக்கொள்ளாதீர்கள். லோடு ஏற்றி, கோளாறு வந்த அதே பெராப்பிட் ஏற்றத்தில் ஸ்கேனரை மாட்டியபடி போக வேண்டும். புகையையும் கவனியுங்கள். டீசல் வாகனப் புகைக்கு 1996ஆம் ஆண்டு விதிகளின்படி 50 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரம்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும் லோரி அது. தவறான இன்ஜெக்டர் கோடு அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். நல்ல வயர்மேன் ஒருவரைப் பிடித்து, அரை நாள் கூலி கொடுத்து, 5 வோல்ட் லைனையும் எர்த்தையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பூஸ்ட் சென்சார், ரயில் சென்சார் பிளக்குகளில் ஈரமும் களிம்பும் இருக்கிறதா, இன்டேக் பக்கத்தில் வயர் கட்டு பிராக்கெட்டில் உரசியிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். ஸ்டார்ட் ஆகாத மழைக்காலை மறுபடி வராவிட்டால், ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பிளக்குகள் மேல் ஒவ்வொன்றாகத் தெளித்து 5 வோல்ட்டைக் கவனித்தால் போதும். அப்படியும் பெட்டிதான் என்று முடிவானால், ஒர்க்‌ஷாப்காரர் “பழையது எதற்கு, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்” என்பார். விடாதீர்கள். குளோன் செய்ய வேண்டிய கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.